புறத்துறைகளும் படைத்தலைவன் மனைவியும்: வேலூர்க் கோட்டை வரைவு ஒன்றைக் குறித்த ஆய்வு

முன்னுரை

போர் ஆடவர் மேற்கொள்ளும் செயல். அதன் விளைவோ மகளிர்க்கும் உரியது. இவ்வுண்மையைத் தமிழிலக்கணம் மிகத் தொன்மையிலேயே உணர்ந்திருந்தது. தொல்காப்பியர் புறத்திணையியலில் காஞ்சித் திணைக்குத் துறை வகுக்குமிடத்துப் போரிற் பட்டோனுடைய மனைவியின் நிலைகளைத் தனித்தனியே எண்ணுகின்றார். புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாவண்ணம் காத்தல் ஒரு நிலை. அவனைக் கொன்ற வேலாலேயே தன்னுயிரை மாய்த்தல் ஒரு நிலை. அவனோடு உடன் மாய்தல் ஒரு நிலை. அவனையிழந்து கைம்மை நோன்பு நோற்றல் ஒரு நிலை. இங்ஙனம் வீரன் மனைவியின் துயரை வகைப்படுத்திய நுண்மை நம் இலக்கண மரபின் பெருமைக்குச் சான்றாகும்.

எனினும், இவ்வகைப்பாட்டின் எல்லையும் ஆராய்தற்குரியது. போர் நிகழும் இடத்திலேயே வாழ்ந்து, கணவனையிழந்து, குழந்தைகளைக் காத்துத் தானும் பிழைத்த ஒரு பெண், தான் கண்டதைத் தானே எழுதி வைப்பாளாயின், அவ்வெழுத்தை அளத்தற்கு நம் துறைகள் போதுமா? இவ்வினாவைக் கற்பனையாக எழுப்ப வேண்டுவதில்லை. அத்தகைய எழுத்து ஒன்று தமிழ் மண்ணிலேயே தோன்றியுள்ளது. 1806ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, அக்கோட்டைத் தலைவராக இருந்த கர்னல் செயின்ட் ஜான் பேன்கோர்ட் என்பாரின் மனைவி அமெலியா எழுதிய வரைவே அது. நிகழ்ச்சிக்கு இரு வாரங்களின் பின் எழுதப்பெற்ற அது, 1842ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சிட்னி நகரச் செய்தித்தாள் ஒன்றில் அச்சேறியது.

வரலாற்றாசிரியர் இவ்வரைவைச் சான்றாகவே பயன்படுத்தினர். இலக்கிய மாணவர் இதனை நோக்கிற்றிலர். ஆங்கிலத்தில் உள்ளது என்பது ஒரு காரணம். ஆளவந்தாரின் பக்கத்தது என்பது பிறிதொரு காரணம். இவ்விரண்டும் இதனை ஒதுக்கப் போதிய காரணங்கள் ஆகா என்பதும், புறத்துறைகளை அளவுகோலாகக் கொண்டு இதனைக் கற்குமிடத்து வரைவின் குறையும் துறைகளின் குறையும் ஒருங்கே புலனாகும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

துறைகள் காட்டும் மனைவி

முதற்கண் புறநானூற்றை நோக்குவோம். வீரன் மனைவியைப் பாடும் பாடல்கள் அதனுட் பல. அவற்றுள் தொடாக்காஞ்சித் துறைக்கு எடுத்துக்காட்டாக விளங்குவது அரிசில்கிழார் பாடிய 281ஆம் பாடல். புண்பட்டுக் கிடக்கும் தலைவனைக் காக்கத் தோழியை அழைக்கின்றாள் ஒருத்தி. மனையில் இரவம் வேம்பு ஆகியவற்றின் தழையைச் செருகுதல், ஐயவி சிதறல், மணி இயக்கல், காஞ்சிப் பண் பாடல், நறும்புகை எடுத்தல் எனச் செய்ய வேண்டுவன அடுத்தடுத்து வருகின்றன. இங்குப் பெண் அழுதுகொண்டு அமர்ந்திருக்கவில்லை, செயலில் ஈடுபட்டிருக்கின்றாள். ஆயினும் அச்செயல் அனைத்தும் கணவனின் புண்ணைச் சுற்றியே சுழல்கின்றது. அப்புண் ஆறிய பின்னோ அவன் இறந்த பின்னோ அவள் என் செய்வாள் என்பது அத்துறைக்குப் பொருளன்று.

முதுபாலைத் துறையில் அமைந்த வன்பரணர் பாடல் (புறம். 255) இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. காட்டு வழியில் வீழ்ந்த கணவனைத் தூக்கவும் இயலாமல், வாய்விட்டு அலறவும் அஞ்சி நிற்கின்றாள் மனைவி. அலறினால் புலி வரும் என்னும் அச்சம் அவளுக்கு உண்டு. துயரை அடக்கும் அச்சமும், அச்சத்தை மீறும் துயரும் ஒரே கணத்தில் தோன்றுமாறு அமைத்த பாடல் அது. வேலூர் வரைவைப் படிப்பார்க்கு இப்பாடல் மீண்டும் நினைவிற்கு வரும்.

கைம்மை நிலையைப் பாடும் தாபத நிலைத் துறையில் தாயங்கண்ணியார் பாடல் (புறம். 250) குறிப்பிடத்தக்கது. ஒருகாலத்து விருந்தினர் கண்ணீரை நிறுத்திய வளமனை, தலைவன் இறந்தபின் பொலிவிழந்து நிற்கின்றது. கூந்தல் கொய்து, வளை நீக்கி, அல்லியரிசி உண்ணும் மனைவியும், இளம் புதல்வரும் அங்கு உளர். வீரனின் மனைவியும் குழந்தைகளும் வீடும் ஒருங்கே இடம்பெறுவதால் நம் ஆய்வுக்கு இப்பாடல் மிக நெருங்கியது. ஆனால் புலவர் விளித்துப் பேசுவது அப்பெண்ணை அன்று, அவ்வீட்டை. பெண் அங்குக் காட்சிப் பொருளாக நிற்கின்றாளேயன்றிக் கூற்று நிகழ்த்துபவளாக இல்லை.

கூற்று நிகழ்த்தும் மனைவியும் உண்டு. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தன்னைத் தடுத்த சான்றோரை நோக்கிப் பாடிய 246ஆம் பாடலில் குரல் முழுவதும் அவளுடையது, உறுதியும் அவளுடையது. ஆனால் அக்குரல் எழுவது தீப்புகும் தறுவாயில். ஒருமுறை ஒலித்து அடங்குவதற்கே அக்குரல் பிறந்தது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய மூதின்முல்லைப் பாடலில் (புறம். 279) முன்னாளில் தமையனையும் அடுத்துக் கணவனையும் இழந்தவள், இன்று தன் ஒரே மகனை வேல் தந்து விடுக்கின்றாள். அவளுடைய செயலைப் புலவர் வியக்கின்றார், அவளோ பேசவில்லை.

ஆகவே ஒன்று தெளிவாகின்றது. விடுத்தல், காத்தல், உடன் மாய்தல், நோற்றல் என்னும் நான்கினுள் வீரன் மனைவியின் வாழ்வு அடக்கப்பட்டது. நான்கிற்கும் நடுவாக நிற்பவன் கணவன். அவள் பிழைத்து வாழ்ந்த கதைக்கு, அதிலும் அவளே சொல்லும் கதைக்கு, துறை வகுக்கப்பெறவில்லை.

கதைப்பாடல்களில் மனைவி

துறைகளின் இந்நோக்கு பிற்காலக் கதைப்பாடல்களிலும் வேறு வடிவிற் தொடர்கின்றது. அங்கு மனைவிக்கு உரிய இடம் கனவு. இரவிக்குட்டிப் பிள்ளை போரில் வீட்டு மகளிர் தீக்கனாக் கண்டு தடுக்கின்றனர். கட்டபொம்மன் கதைப்பாடலில் வெள்ளையத்தேவனை அவன் மனைவி வெள்ளையம்மாள் கனவு சொல்லி நிறுத்த முயல்கின்றாள். வீரன் கேளாது செல்கின்றான், மாய்கின்றான். மனைவி சொல்வது உண்மை எனக் கேட்போர் அனைவரும் அறிவர். வீரன் ஒருவனே அறியான். இவ்வமைப்பு அவலச் சுவையை மிகுவிக்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவளுக்குக் கிடைத்த அறிவு போருக்கு முந்திய இரவோடு முடிகின்றது. போர் தொடங்கிய பின் அவள் கண்டது யாது எனக் கதை கேட்பதில்லை. தேசிங்கு ராசன் கதையில் அரசி தீப்புகுவதோடு கதையும் முடிகின்றது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று 1801ஆம் ஆண்டுப் பாஞ்சாலங்குறிச்சிப் போரில் உண்டு. கோட்டை வீழ்ந்தபின் பிணங்களுக்கிடையே தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய் அவனைக் குற்றுயிராகக் காண்கின்றாள். தன்னை விட்டு அருகே கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றுமாறு மகன் வேண்டுகின்றான். அவ்வாறே ஊமைத்துரையை வீட்டிற்கு எடுத்துச் சென்ற பெண்கள், தேடி வந்தோரிடம் அம்மை கண்டு இறந்தவன் எனக் கூறி அழுகின்றனர். வந்தோர் நோய்க்கு அஞ்சி ஓடுகின்றனர். மூதின்முல்லைக்கும் தொடாக்காஞ்சிக்கும் ஒருங்கே இலக்கியமாகத்தக்க இந்நிகழ்ச்சியை நாம் விரிவாக அறிவது எவ்வாறு? அப்போரில் எதிர்ப்பக்கத்து நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படையதிகாரி 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளால். பேய்க்குப் பகரமாக நோயையும், ஐயவிக்குப் பகரமாகப் பொய்யழுகையையும் கருவியாகக் கொண்டு வீரனைக் காத்த அப்பெண்களின் சொல், பகைவன் ஏட்டின் வழியாகவே நம்மை வந்தடைந்தது. நம் மகளிர் வரலாற்றிற்கும் அயலார் எழுத்திற்கும் உள்ள தொடர்பை எளிதாகத் தள்ளிவிட இயலாது என்பதற்கு இது ஒரு சான்று.

படைவழியும் கோட்டையும்

இனி வேலூர்க்கு வருவோம். வேலூர் நிகழ்ச்சியைத் தனியொரு கோட்டைக்குள் நிகழ்ந்ததாக மட்டும் கருதுதல் பொருந்தாது. தொண்டை நாட்டின் வடபகுதி முழுவதும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதி தொட்டுப் படைகளின் வழியாக இருந்தது. அருணகிரிநாதர் கோடைநகர் எனப் பாடிய வல்லக்கோட்டையை நடுவாகக் கொண்டு நோக்கின் இது விளங்கும். அதன் வடக்கே, சென்னையிலிருந்து திருப்பெரும்புதூர் வழியாக மேற்கு நோக்கிச் செல்லும் பெருவழி. தென்மேற்கே கும்பினியாரின் படைத்தளம் அமைந்திருந்த வாலாஜாபாத்து. மேற்கே, 1780 செப்டம்பர் 10ஆம் நாள் மைசூர்ப் படை கர்னல் பெய்லியின் படையை அழித்த புள்ளலூர். இன்று ஒரகடம் தொடங்கித் தொழிற்சாலைகள் நிரம்பிய இந்நிலத்தின் ஊர்கள், அன்று படை போவதையும் வருவதையும் கண்டவை. படையோடு படைவீரரின் குடும்பங்களும் சென்றன.

வல்லக்கோட்டையில் வள்ளி தெய்வயானையரோடு கோயில் கொண்டுள்ள முருகனுக்குத் தேவசேனாபதி என்பது வடமொழிப் பெயர். தேவர் சேனைக்குத் தலைவன் என்றும், தேவசேனை என்பாளின் கணவன் என்றும் அதற்கு இரு பொருள் கூறுவர். படையும் மனைவியும் ஒரே சொல்லுள் அடங்குகின்றன. இரண்டிற்கும் உரியவன் தலைவன். சூரனை வென்றதன் பின்னரே இந்திரன் மகள் அவனுக்கு மணமாகின்றாள். துறைகளிற் கண்ட நோக்கு இப்பெயரின் ஆக்கத்திலும் அமைந்திருத்தல் கருதத்தக்கது.

வேலூர்க் கிளர்ச்சியின் காரணம் யாவரும் அறிந்ததே. 1805 நவம்பரில் சென்னைப் படைக்கு விதிக்கப்பெற்ற புதிய ஒழுங்கின்படி, சிப்பாய்கள் நெற்றியிற் சமயக்குறி இடலாகாது. தாடியை மழிக்க வேண்டும். தோற்குஞ்சம் பொருந்திய புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். 1806 மே திங்களில் இதனை மறுத்தோர் தண்டிக்கப்பெற்றனர். திப்பு சுல்தானின் மக்களும் மகளிரும் வேலூர்க் கோட்டையிலேயே காவலில் இருந்தனர். ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். அவர்களுடைய அதிகாரிகள் 14 பேரும், 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஐரோப்பியர் 115 பேரும் மாண்டனர். மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. காலையில் ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் ஏறத்தாழ 350 பேர் அன்று உயிரிழந்தனர் என்பர்.

ஈண்டு ஒரு குறிப்பு. ஆர்க்காட்டுக் குதிரைப்படைத் தளம் பாலாற்றின் வடகரையிலுள்ள இராணிப்பேட்டையில் அமைந்திருந்தது. தேசிங்கின் மனைவி தீப்புகுந்ததன் நினைவாக எழுந்தது அவ்வூர்ப்பெயர் என்பது வழிவழி வரும் செய்தி. இறந்துபட்ட வீரன் மனைவியின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்தே, வேலூரில் உயிர் பிழைத்திருந்த வீரன் மனைவிக்கு உதவி வந்தது.

வரைவின் இயல்பு

அமெலியாவின் வரைவு நேரத்தைக் கூறித் தொடங்குகின்றது. ஜூலை 9ஆம் நாள் இரவு பத்து மணிக்குக் கணவனும் மனைவியும் துயிலச் சென்றனர். விடியற்காலை ஏறத்தாழ இரண்டு மணிக்கு இருவரும் ஒரே கணத்தில் துப்பாக்கி ஒலி கேட்டு விழித்தனர். கணவர் எழுத்தறையின் பலகணியைத் திறந்து, என்ன குழப்பம் எனப் பலமுறை உரக்க வினவினார். விடையாக வந்தது மேலும் துப்பாக்கி ஒலியே. அவர் கீழே இறங்கிச் சென்று சிறிது நேரத்தில் திரும்பி வந்து விளக்குக் கொணருமாறு மனைவியிடம் கேட்டார். அவர் கொணர்ந்து மேசைமேல் வைத்தார். கணவர் எழுத அமர்ந்தார். திறந்த பலகணி வழியே குண்டு வந்து பாயுமோ என அஞ்சி மனைவி அதனைச் சாத்தினார். கணவரின் முகம் வெளுத்திருக்கக் கண்டு யாது நேர்ந்தது என வினவினார். உன் அறைக்குச் செல் என்பதே மறுமொழி. கணவர் வெளியே சென்றார். அன்றைய கிளர்ச்சியில் உயிர் நீத்தார்.

இப்பகுதியைக் கதைப்பாடல்களோடு ஒப்பிடுக. இங்குக் கனவு இல்லை, தடுத்தல் இல்லை, வீரவுரை இல்லை. விளக்கு ஒன்று, பலகணி ஒன்று, வெளுத்த முகம் ஒன்று ஆகியவையே உள. ஆனால் இவற்றால் எய்தும் ஆற்றல் பெரிது. தலைவன் மனைவியின் பணி விளக்கேற்றித் தருவதும் பலகணி சாத்துவதும் ஆகிய மனைப்பணியே. அப்பணியைப் போருக்கு நடுவில் செய்யும்போது அது உயிர்காக்கும் செயலாக மாறுகின்றது. அறைக்குச் செல் என்ற சொல், மனைவியைப் போரினின்று நீக்கி மனைக்குள் நிறுத்த முயல்கின்றது. அந்த இரவில் மனையே போர்க்களம் ஆகிவிட்டமையின் அச்சொல் பயனற்றுப் போகின்றது. புறத்திற்கும் மனைக்கும் நம் மரபு இட்ட எல்லைக்கோடு இவ்விடத்து அழிந்துவிடுகின்றது.

மேலும் ஒன்று. விளக்குக் கேட்டு எழுத அமர்ந்தவர் கணவர். அந்த இரவை எழுதியவர் மனைவி. இதனை அமெலியா சுட்டிக்காட்டவில்லை. அங்ஙனம் காட்ட வேண்டும் என்னும் நினைவும் அவருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே நிரல்படக் கூறியமையால் அவ்வுண்மை தானே வெளிப்படுகின்றது.

வரைவின் அடுத்த சிறப்பு, காட்சியைக் காட்டிலும் கேள்வி அதனை நடத்திச் செல்லுதல். தலைவி அறைக்குள் அடைபட்டுள்ளார். கதவுகளைத் தாழிட்டுக் குழந்தைகளைத் தன்னருகே கொணர்ந்து மண்டியிட்டு வேண்டுகின்றார். வெளியே நிகழ்வனவற்றைத் துப்பாக்கி ஒலியின் திசை கொண்டும், அது அடங்குவது கொண்டுமே உணர்கின்றார். ஒலி மெயின்கார்டின் பக்கம் ஓய்வதும் ஐரோப்பியர் பாசறைப் பக்கம் தொடர்வதும் அவருக்குச் செய்தியாகின்றன. இருளில் கூடத்தில் ஓர் உருவம் தென்படுகின்றது; அது பகையோ நட்போ அறிய இயலவில்லை. பேசிய பின்னரே அது ஓர் அதிகாரி எனத் தெரிகின்றது. எல்லோரும் கொல்லப்படுவோம் என அவர் கூறுகின்றார். அமெலியா மறுமொழி கூறாது குழந்தைகள் இருந்த அறைக்கு மீள்கின்றார்.

இம்மௌனமே வன்பரணர் பாடலை நினைவூட்டுவது. புலிக்கு அஞ்சி அலறாத பெண்ணின் மௌனமும், சாவுச் செய்தி கேட்டு விடை கூறாத இப்பெண்ணின் மௌனமும் ஒரு தன்மையன. ஆயின் வேறுபாடும் உண்டு. பாலைநிலத்துப் பெண் கணவனின் அருகே நிற்கின்றாள். அவனை நிழலுக்குக் கொண்டுசெல்ல விழைகின்றாள். அமெலியா கணவனை விட்டுக் குழந்தைகளை நோக்கி நடக்கின்றார். பின்னர்ப் பணிப்பெண்ணோடும் குழந்தைகளோடும் கீழிறங்கிக் கோழிகளை அடைக்கும் கொட்டிலில் ஒளிந்துகொள்கின்றார். கோட்டைத் தலைவரின் மாளிகையிலிருந்து கோழிக்கொட்டிலுக்கு இறங்கும் அந்தச் சில அடிகளைப் பாடுதற்கு நம் துறைகளில் பெயர் இல்லை. அது வீரமா அச்சமா என்னும் வினாவும் அங்குப் பொருந்தாது. குழந்தை அழுதால் உயிர் போகும் என்னும் நிலையில் ஒரு தாய் செய்வது யாதோ அதுவே அது.

ஏனைய இரு மனைவியர்

வரைவின் தனித்தன்மை, 19ஆம் நூற்றாண்டுப் போர்களில் இடம்பெற்ற வேறு இரு மனைவியரோடு ஒப்பிடப் பின்னும் தெளிவாகும். ஒருவர் ஹுவானா ஸ்மித். இசுபானியப் பெண்ணாகிய இவர், 1812இல் படஹோஸ் நகர் வீழ்ந்தபோது தம் 14ஆம் வயதில் ஹாரி ஸ்மித் என்னும் ஆங்கில அதிகாரியை மணந்து படையோடு ஊர்ந்தார்; பின்னர் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கணவரோடு வாழ்ந்தார். நேட்டாலிலுள்ள லேடிஸ்மித் நகர் இவர் பெயரால் வழங்குவது. 1899-1900இல் அந்நகரை மீட்க நிகழ்ந்த போர்களில், ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலரும் காந்தியடிகளின் மருத்துவத் துணைப்படையில் புண்பட்டோரைச் சுமந்தனர். இத்துணைப் புகழ்பெற்ற ஹுவானாவை நாம் அறிவது 1901இல் வெளிவந்த கணவரின் தன்வரலாற்றின் வழியாகவே. அவர் அஞ்சாதவர், இனியவர் என அறிகின்றோம். அவர் கண்களால் எதனையும் காண்பதில்லை.

மற்றவர் சென்னையில் 1790இல் பிறந்த புளோரென்சியா சேல். 1842 ஜனவரியில் காபூலினின்று ஆங்கிலப் படை பின்வாங்கி அழிந்தபோது உடன் சென்றவர். கையில் குண்டு பாயப்பெற்றவர். மகளோடு பல திங்கள் சிறையிருந்தவர். கணவரோ அக்காலத்தில் ஜலாலாபாத்தில் முற்றுகையுள் இருந்தார். இவர் எழுதிய நாட்குறிப்பு 1843இல் நூலாகி நாடெங்கும் பயிலப்பெற்றது. படைத்தலைவர்களின் பிழைகளை அஞ்சாது எடுத்துரைக்கும் நூல் அது. சேல் அம்மையார் போரை மதிப்பிடுகின்றார், அமெலியா மதிப்பிடுவதில்லை. முன்னவர் உலகம் படிக்கும் என அறிந்து எழுதியவர். பின்னவரது எழுத்து 36 ஆண்டுகள் கழித்தே அச்சேறியது. ஒருவர் கணவர் எழுத்தில் வாழ்கின்றார். ஒருவர் போர்த்திறனாய்வாளர் ஆகின்றார். அமெலியா ஒருவரே மனைவி என்னும் நிலையிலிருந்து சிறிதும் வழுவாது அந்நிலையின் உள்ளிருந்தே போரைக் காட்டுகின்றார். ஆதலின் புறத்துறைகளோடு ஒப்பிடுதற்கு அவர் வரைவே மிகவும் ஏற்றது.

வரைவில் இல்லாதோர்

இதுகாறும் வரைவின் ஆற்றலைக் கண்டோம். அதன் எல்லையையும் கூறாதொழிதல் நடுவுநிலை ஆகாது.

அந்த இரவில் வேலூரில் இருந்த படைவீரர் மனைவியர் அமெலியாவும் அவரையொத்த ஐரோப்பியப் பெண்டிரும் மட்டும் அல்லர். சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே தத்தம் குடிசைகளில் குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள். 10ஆம் நாள் விடியலில் அணிவகுப்பு நிகழவேண்டியிருந்தமையால் அவருட் பெரும்பாலோர் அன்றிரவு கோட்டைக்குள் தங்க வேண்டியதாயிற்று. எனவே மனைவியரும் குழந்தைகளும் மதிலின் புறத்தே இருந்தனர். அமெலியா கேட்டு விழித்த அதே ஒலியை அதே வேளையில் அவர்களும் கேட்டிருத்தல் வேண்டும். அவர்க்கும் ஒலியே செய்தி. காலையில் குதிரைப்படை வந்து வாயில் தகர்க்கப்பட்டபோது, அமெலியாவிற்கு மீட்பாக அமைந்த அந்த ஒலி அவர்க்கு எவ்வாறு அமைந்தது என எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னர் 6 பேர் பீரங்கி வாயில் வைத்துச் சிதைக்கப்பெற்றனர். 5 பேர் சுடப்பெற்றனர். 8 பேர் தூக்கிலிடப்பெற்றனர். கிளர்ந்த படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. அவ்வீடுகளில் விளக்கேற்றியோர் எழுதிய வரைவு ஏதும் இல்லை.

கோட்டைக்குள்ளேயே மூன்றாம் வகையாரும் இருந்தனர். 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் கொணரப்பெற்ற ஐதர், திப்பு ஆகியோர் குடும்பத்து மகளிரே அவர். அவருள் திப்புவின் மனைவியரும் போரில் மாண்ட தலைவரின் மனைவியரே. புறத்துறை வழக்கில் தாபத நிலைக்கு உரியோர். திப்புவின் மகள் ஒருத்தியின் திருமணத்தை ஒட்டியே ஆட்கள் கூடிக் கிளர்ச்சிக்கு ஆயத்தம் செய்தனர் என ஆங்கிலேயர் எழுதினர். ஒரே கோட்டை, மூவகைப் பெண்டிர். ஒருவரே எழுதினார்.

அமெலியா ஏனையோரைக் காணாமைக்கு அவரைக் குறைகூறுதல் பொருந்தாது. கோழிக்கொட்டிலில் மறைந்திருப்பவர்க்கு மதிற்புறம் புலனாகாது. குறைகூறத்தக்கது அவருக்குப் பின் வந்த எழுத்தே. கோட்டை வாயிலைத் தகர்த்த பொறியாளர் பிளாகிஸ்டன், அரண்மனையிற் புகலடைந்த சிப்பாய்கள் ஏறத்தாழ 100 பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டதைத் தாம் கலங்காது கண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். ஹென்றி நியூபோல்ட் என்னும் ஆங்கிலக் கவிஞர் கில்லெஸ்பியின் குதிரைவேகத்தைப் பாடினார். நம் நாட்டு எழுத்தாளரோ 1857க்கு முந்திய விடுதலை முழக்கமாக வேலூரைப் போற்றினர். 2006இல் இருநூறாம் ஆண்டு நினைவாக அஞ்சல் தலையும் வெளிவந்தது. போற்றுதல் தக்கதே. ஆயினும் இரு தரப்பாரின் நினைவிலும் நிற்போர் குதிரையேறியோரும் கொடியேற்றியோருமே ஆவர். கட்டபொம்மனுக்கும் தேசிங்குக்கும் அமைந்தாற்போன்று மக்கள் நாவிற் பயிலும் பெருங்கதைப்பாடல் வேலூர்ச் சிப்பாய்க்கு அமையாமையின், வெள்ளையம்மாளுக்குக் கிடைத்த ஓர் இரவுக் கனவுகூட அவன் மனைவிக்குக் கிடைக்கவில்லை.

கழாத்தலையார் காட்டும் நெறி

இக்குறையை நீக்கும் நெறி யாது? புதிதாக ஒரு துறை வகுத்து அமெலியாவின் வரைவை அதனுள் அடக்குதல் எளிது. ஆனால் பயன் சிறிது. பழைய பாடல் ஒன்றே இதற்கு வழிகாட்டுகின்றது.

சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் ஒரே களத்தில் பொருது இருவரும் மாண்டனர். அதனைக் கழாத்தலையார் பாடினார் (புறம். 62). தும்பைத் திணையில் தொகைநிலைத் துறை. இரு பெரு வேந்தரும் பட்டமை கூறிய புலவர், அவர்தம் பெண்டிரைப் பற்றியும் கூறுகின்றார். கைம்மைக்குரிய இலையுணவை உண்ணாமலும் குளிர்நீராடாமலும் அவர்கள் தம் கணவர் மார்பைத் தழுவிக் கிடந்தனர் என்பது அவர் கூற்று. ஈண்டு உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. எவள் சேரன் தேவி, எவள் சோழன் தேவி எனப் புலவர் பிரித்துக் கூறவில்லை. பெண்டிர் என்னும் ஒரு சொல்லே இரு தரப்பிற்கும் உரியதாகின்றது. களத்தில் பகைவராயிருந்தோரின் மனைவியர், துயரில் ஒரே தொடருக்கு எழுவாய் ஆகின்றனர்.

அமெலியாவிடம் உள்ளது கழாத்தலையாரிடம் இல்லை. கழாத்தலையாரிடம் உள்ளது அமெலியாவிடம் இல்லை. முன்னவர் தன் கண்ணாற் கண்டதைத் தன் குரலால் கூறுகின்றார். மணியும் விளக்கும் பலகணியும் குழந்தையும் அதனால் இலக்கியத்துள் வருகின்றன. பின்னவர் புறத்தே நின்று நோக்குகின்றார். ஆதலின் இரு தரப்பும் அவர் பார்வையுள் அடங்குகின்றன. பெண்ணின் குரலைக் கேட்க முன்னவரும், எல்லாப் பெண்களையும் காணப் பின்னவரும் நமக்கு வேண்டியவர் ஆகின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்தவை: வீரன் மனைவியைப் பற்றிய புறத்துறைகள் கணவனை நடுவாகக் கொண்டு அமைந்தவை, அவள் பிழைத்து வாழ்ந்து தன் கதையைத் தானே கூறும் நிலைக்கு அவற்றில் இடம் இல்லை. கதைப்பாடல்கள் அவளுக்குக் கனவை அளித்துப் போரின் நடுவினின்று நீக்கின. 1806இல் வேலூரில் எழுந்த அமெலியா பேன்கோர்ட்டின் வரைவு அவ்விடைவெளியை நிரப்புவது. அணிநலம் நாடாத அதன் எளிமையே அதன் சிறப்பு. எனினும் ஒரு மதிலின் உட்புறத்தை மட்டுமே அது காட்டும்.

புறநானூற்றைக் கற்பிக்கும் வகுப்பில் தாபத நிலையையும் முதுபாலையையும் விளக்குமிடத்து, இவ்வரைவின் தமிழாக்கத்தையும் உடன்வைத்துக் கற்பித்தல் நன்று. மாணவர் அதனைப் படிக்கும்போது மதிலுக்கு வெளியே குடிசைகளில் விழித்திருந்தோரையும், அரண்மனைக்குள் இருந்தோரையும் உடன் எண்ணுமாறு பயிற்றுதல் அதனினும் நன்று. ஆங்கிலேயர் எழுதியது என்பதற்காக ஒரு தாயின் அச்சத்தை நாம் மறுக்க வேண்டுவதில்லை; அவ்வச்சத்திற்கு இரங்குவதால் சிப்பாயின் மனைவியை மறக்க வேண்டுவதும் இல்லை. இரு தரப்புப் பெண்டிரையும் ஒரு சொல்லால் சுட்டிய புலவர் நம் மொழியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தார். அவர் நோக்கு வேலூர்க்கும் பொருந்தும்.